ஐம்பதில் வேலையை விட்டு நெல்லைக்குத் திரும்ப: அறுபது வரைக்குமான கணக்கு

சென்னையிலோ பெங்களூரிலோ வளைகுடாவிலோ இருபது வருடம் உழைத்தபின், "போதும், ஊரோடு போய்விடலாம்" என்று ஒரு தடவையாவது நினைக்காத நெல்லைக்காரர் குறைவு. பெருமாள்புரத்தில் வீடு இருக்கிறது, அம்பாசமுத்திரம் பக்கம் கொஞ்சம் வயல் இருக்கிறது, பி.எஃப். பணம் வரும், வட்டியில் காலம் ஓடிவிடும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். பெரும்பாலும் அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கும். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உள்ள பத்து வருடத்தை யாரும் தனியாக எழுதிப் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் ஓய்வுக்கால ஏற்பாடுகள் எல்லாம் வயதைப் பார்த்துத்தான் கதவைத் திறக்கின்றன. தொழிலாளர் பென்ஷன் முழுதாகக் கிடைப்பது 58இல். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டமும் அடல் பென்ஷனும் 60இல். வருமான வரம்பு பார்க்காமல் தரும் ஆயுஷ்மான் மருத்துவ அட்டை 70இல். ஐம்பதில் வேலையை விடுபவர் அதுவரை தன் கைக்காசில்தான் நிற்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த இடைப்பட்ட காலத்தைப் பற்றியதுதான்.

முதலில் செலவை எழுதுங்கள்

வருமானத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, ஊரில் இருந்தால் ஒரு வருடத்துக்கு என்ன செலவாகும் என்று எழுதுங்கள். மாதக் கணக்காக எழுதினால் பாதி விட்டுப்போகும். அரிசி, பால், காய்கறி, சிலிண்டர் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லும் வரும். விட்டுப்போவது வேறு: வீட்டு வரி, தண்ணீர் வரி, போர்வெல் மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு, வண்டி இன்சூரன்ஸ், எட்டுப் பத்து வருடத்துக்கு ஒருமுறை புது வண்டி.

நம் பக்கத்துக்கென்றே சில செலவுகள் உண்டு. பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போக வேண்டும். வண்டி பிடிப்பது, பொங்கல், படையல் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை ஆகும். ஊர்க்கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி. வெளியூரில் இருந்தவரை தபாலில் வந்த பத்திரிகைக்கு ஜிபேயில் மொய் அனுப்பிவிட்டு இருந்திருப்பீர்கள். ஊரில் இருந்தால் நேரில் போக வேண்டும், ஒரு முகூர்த்த நாளில் மூன்று கல்யாணம் வரும், சடங்கும் பால்காய்ச்சும் தனி. மொய்க்கென்று ஆண்டுக்கு ஒரு தொகையை ஒதுக்காத பட்ஜெட் திருநெல்வேலியில் ஆறு மாதம் தாங்காது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் எழுதுங்கள்: கைமாற்று. பி.எஃப். பணம் வந்திருக்கிறது என்று தெரிந்தால் யாராவது வந்து, "அண்ணாச்சி, ஆனி மாசம் தந்துருதேன், ஒரு ரெண்டு லட்சம் புரட்டித் தாங்க" என்பார்கள். எல்லாரையும் திருப்பி அனுப்ப முடியாது. திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று ஒரு தொகையை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம், கல்யாணச் செலவு இரண்டையும் இந்த நோட்டில் சேர்க்க வேண்டாம். அவை தனிக் கணக்கு, தனிப் பணம். அந்தப் பணம் இன்னும் சேரவில்லை என்றால், வேலையை விடுவதைப் பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அறுபது வரை ஒரு பை, அதற்குப் பின் இன்னொரு பை

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஐம்பது வயது, கணவன் மனைவி இருவர், சொந்த வீடு, கடன் இல்லை. எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய், ஆண்டுக்கு 4.8 லட்சம். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பாகும். 62 வயதில் இதே வாழ்க்கைக்கு மாதம் 80,000 வேண்டும், 74இல் 1,60,000. இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தாலே, "வட்டியில் ஓட்டிவிடலாம்" என்ற நினைப்பு எவ்வளவு ஆட்டம் காண்கிறது என்று தெரியும். வட்டி அதே அளவில் நிற்கும், கத்தரிக்காய் விலை நிற்காது.

"ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு சேர்த்தால் போதும்" என்று இணையத்தில் அடிக்கடி படித்திருப்பீர்கள். அது அமெரிக்கச் சந்தை நிலவரத்தை வைத்து, 30 வருட ஓய்வுக் காலத்துக்குப் போட்ட கணக்கு. ஐம்பதில் ஓய்வு பெற்று 85 வரை இருந்தாலே 35 வருடம். நம் விலைவாசிக்கும் இந்த நீளத்துக்கும் 33 மடங்கு என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். மேலே உள்ள குடும்பத்துக்கு அது சுமார் 1.58 கோடி. பார்த்ததும் மலைப்பாக இருக்கும். இரண்டாகப் பிரித்தால் அது பிடிபடும்.

முதல் பை, 50 முதல் 60 வரைக்கு. இந்தப் பத்து வருடத்தில் அவர்கள் மொத்தம் செலவழிக்கப்போவது ஏறத்தாழ 63 லட்சம். விலைவாசி ஏறும் வேகத்திலேயே, அதாவது வரி போக 6 சதவீதம், பணமும் வளர்ந்தால் இன்று 48 லட்சம் கையில் இருந்தால் போதும். இந்தப் பையை ரிஸ்க்கில் விடக் கூடாது. வங்கி வைப்பு, அஞ்சலக மாத வருமானத் திட்டம், தரமான கடன் பத்திர ஃபண்ட் என்று பிரித்து, அடுத்த மூன்று வருடச் செலவு எப்போதும் உடனே எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் தனி நபர் 9 லட்சமும், கூட்டுக் கணக்கில் 15 லட்சமும் போடலாம்.

இரண்டாவது பை, 60க்குப் பின்னால். மீதி 1.1 கோடியை பத்து வருடம் தொடாமல் விட வேண்டும். வரி போக 8 சதவீதம் வளர்ந்தால் 60 வயதில் சுமார் 2.37 கோடி ஆகும். அப்போதைய ஆண்டுச் செலவு 8.6 லட்சம், அதாவது கையிருப்பு 27 மடங்குக்கு மேல். அப்புறம் பென்ஷனும் கூடச் சேரும். 8 சதவீதத்துக்கு வெறும் வைப்புத்தொகை போதாது, ஒரு பகுதியாவது பங்குச் சந்தை இண்டெக்ஸ் ஃபண்டில் (சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) இருக்க வேண்டும். சந்தை பாதியாக விழுந்தாலும் முதல் பையில் பத்து வருடச் சோறு இருக்கிறது என்பதால், பதறி விற்க வேண்டி வராது. பையைப் பிரிப்பதன் பயனே இதுதான்.

இந்தக் கோடிக் கணக்கில் குடியிருக்கும் வீட்டைச் சேர்க்காதீர்கள். கே.டி.சி. நகரில் வாங்கிப் போட்ட மனையையும் சேர்க்காதீர்கள். விற்றுக் காசாகும் வரை அது காசு இல்லை. வயலைப் பொறுத்தவரை, ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்ற இரண்டு நெல் பூவும் (போகமும்) விளைந்தால் வீட்டுக்கு அரிசி வரும், பாட்டத்துக்கு விட்டால் சிறு தொகை வரும். அணையில் தண்ணீர் இல்லாத வருடத்தில் கார் சாகுபடிக்கே வழியிருக்காது. எனவே வயலை அரிசிக் கணக்கில் வையுங்கள், சம்பளக் கணக்கில் வேண்டாம்.

மாதம் நூற்றுக்கு இரண்டு தருகிறோம் என்று சொல்லும் நிதி நிறுவனங்களைப் பற்றி ஒரே வரி: போடாதீர்கள். முறையான வங்கியிலேயே காப்பீடு ஒரு வங்கிக்கு ஒருவருக்கு, வட்டியும் சேர்த்து, 5 லட்சம் வரைதான். அதனால் வைப்பை இரண்டு மூன்று வங்கிகளில், கணவன் மனைவி பெயரில் பிரித்து வைப்பது நல்லது. வட்டியைப் பொறுத்தவரை, 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை மொத்த வருமானத்துக்குத் தள்ளுபடியால் வரி இல்லை. ஆனால் பங்கு, பங்கு ஃபண்ட் விற்ற லாபத்துக்கு அந்தத் தள்ளுபடி பொருந்தாது. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்றால் ஆண்டுக்கு 1.25 லட்சம் லாபம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம்.

பென்ஷன்: எது, எவ்வளவு, எப்போது

தனியார் வேலையில் இருந்தவர்கள் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்தால் மூன்று பத்திகள் இருக்கும். மூன்றாவதுதான் பென்ஷன். முதலாளி தரும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் அங்கே போகிறது, ஆனால் 15,000 ரூபாய் சம்பளத்துக்கு மட்டும். அதனால்தான் உங்கள் சம்பளம் லட்சத்தில் இருந்தாலும் மாதம் 1,250 மட்டும் அங்கே ஏறுகிறது.

பென்ஷன் கணக்கு எளிது. பென்ஷனுக்குரிய சம்பளத்தை வேலை செய்த ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். பலரும் 15,000 பெருக்கல் 20 வகுத்தல் 70 என்று போட்டு 4,285 வரும் என்று சொல்லிவிடுவார்கள். 2014 செப்டம்பருக்கு முந்தைய ஆண்டுகளுக்கு உச்சவரம்பு 6,500 என்பது அதில் விட்டுப்போகிறது. 2006 செப்டம்பரில் சேர்ந்து 2026 செப்டம்பரில் வேலையை விட்டால், முதல் எட்டு வருடத்துக்கு 743, அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு 2,571, ஆக 58 வயதில் மாதம் 3,314 ரூபாய்; 20 வருடம் நிறைந்தவர்களுக்குச் சேவையில் கூட்டித் தரும் இரண்டு வருடச் சலுகை இதில் சேரவில்லை. உயர் சம்பளத்துக்கான பென்ஷனைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

50 வயதிலேயே வாங்கவும் வழி உண்டு. 58க்குக் குறைகிற ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. அந்த 3,314 ரூபாய் 2,300ஐ ஒட்டி வந்துவிடும், அதுவும் ஆயுளுக்கும் அப்படியேதான். என்னைக் கேட்டால் 58 வரை பொறுக்கலாம். வேலையை விட்டதும் ஸ்கீம் சர்டிஃபிகேட் (பென்ஷனுக்கான சேவை ஆண்டுகளைக் காட்டும் சான்று) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், படிவம் 10சி. பத்து வருடம் நிறையாதவர்கள் அந்தப் பணத்தை எடுத்துவிடலாம், அல்லது சர்டிஃபிகேட் வாங்கி இன்னொரு வேலையில் மிச்ச வருடங்களைச் சேர்க்கலாம். ஒன்பது வருடம் சில மாதம் என்று நிற்பவர்கள் ராஜினாமா தேதியைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

பி.எஃப். பணத்தை வேலையை விட்ட கையோடு எடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. 55க்கு முன் வேலையை விட்டவருக்கு 58 வரை வட்டி சேரும், 2024-25க்கு 8.25 சதவீதம் கொடுத்தார்கள். வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு.

அரசு ஊழியர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். "விருப்ப ஓய்வு" வேறு, "ராஜினாமா" வேறு. ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால் பழைய பென்ஷன் விதிகளின்படி அதுவரை செய்த சேவையே போய்விடும். மகேந்திரகிரி இஸ்ரோவானாலும் ரயில்வேயானாலும், மத்திய அரசில் விருப்ப ஓய்வுக்குக் குறைந்தது 20 வருடச் சேவை வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த பென்ஷனைத் தேர்ந்தெடுத்தவர்கள் விருப்ப ஓய்வில் போனால், உறுதி செய்யப்பட்ட தொகை அன்றே தொடங்காது. வழக்கமான ஓய்வு வயது வரும் நாளில்தான் தொடங்கும். அங்கேயும் அதே இடைவெளிதான். தமிழ்நாடு அரசில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்கள் பங்களிப்புத் திட்டக் கணக்குச் சீட்டை முதலில் வாங்கிப் பாருங்கள்.

என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) போட்டிருப்பவர்கள் அதை 60 வரை தொடாமல் விடுவது நல்லது. முன்பே வெளியேறினால் 80 சதவீதம் வரை ஆன்யூட்டியில் (மொத்தமாகக் கட்டிவிட்டுத் தவணையாக வாங்கும் திட்டம்) போட வேண்டி வரலாம். ஆன்யூட்டி ஆயுள் முழுக்க ஒரே தொகை தரும், விலைவாசி அதற்குத் தெரியாது. ஐம்பது வயதுக்காரர் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை; 65க்கு மேல் யோசிக்கலாம்.

60 ஆனதும் முதலில் செய்ய வேண்டியது மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரல் முதல் உள்ள 8.2 சதவீத வட்டியில், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 வரும். விருப்ப ஓய்வு பெற்றவர்கள் 55 முதலே சேரலாம், ஓய்வுத்தொகை கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள். பாளையங்கோட்டைத் தலைமை அஞ்சலகத்தில் போட்டாலும் சரி, வங்கியில் போட்டாலும் சரி, வட்டி ஒன்றுதான். வட்டி விகிதத்தை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து அறிவிக்கிறது. போட்ட நாளில் இருந்த வட்டிதான் உங்களுக்கு ஐந்து வருடத்துக்கும்.

பி.பி.எஃப். (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு இருந்தால் மூடாதீர்கள். 15 வருடம் முடிந்த பிறகும் ஐந்து ஐந்து வருடமாக நீட்டலாம், வட்டிக்கு வரி இல்லை. போடுகிற பணத்தை மாதம் 5ஆம் தேதிக்குள் போடுங்கள், இல்லையென்றால் அந்த மாத வட்டி கிடைக்காது.

ஆஸ்பத்திரிச் செலவு

கம்பெனி இன்சூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு போய்விடும். அதற்குப் பிறகு சொந்த பாலிசி எடுக்கப் போனால் சுகர், பிரஷருக்குக் காத்திருப்புக் காலம் ஆரம்பிக்கும். 2024இல் மாற்றிய விதிப்படி அது அதிகபட்சம் 36 மாதம். கண்புரை, ஹெர்னியா, மூட்டு மாற்று போன்றவற்றுக்கும் வழக்கமாக இரண்டு வருடம் தனியாக இருக்கும். அதனால் வேலையை விடுவதற்கு மூன்று வருடம் முன்பே, கம்பெனி பாலிசி கையில் இருக்கும்போதே, சொந்த பாலிசியைத் தொடங்கிவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அது தவறிப்போனவர்கள், கம்பெனி பாலிசி கொடுத்த அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள முடியுமா என்று வேலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

விண்ணப்பத்தில் சுகர் இருப்பதை மறைக்கச் சொல்லும் ஏஜெண்டை நம்ப வேண்டாம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்த நோயைக் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது என்று விதி இருக்கிறது. அதை நம்பி மறைத்தால் நடுவில் உள்ள ஐந்து வருடமும் கத்தி தலைக்கு மேலேயே இருக்கும்.

பாலிசிப் பத்திரத்தில் அறை வாடகை வரம்பைத் தேடிப் பாருங்கள். நாளுக்கு 5,000 வரம்புள்ளவர் 8,000 ரூபாய் அறை எடுத்தால், மீதி 3,000 மட்டும் கட்டினால் போதும் என்று நினைப்பார். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் போன்றவையும் எட்டில் ஐந்து பங்குதான் கிடைக்கும். அந்த வகையில் 2 லட்சம் பில் என்றால் 1.25 லட்சம், மிச்சம் 75,000 உங்கள் கையிலிருந்து. வாடகை வரம்பு இல்லாத பாலிசிக்குச் சற்றுக் கூடுதல் பிரீமியம் கொடுக்கலாம்.

இருவருக்கும் சேர்த்து 10 லட்சம் அடிப்படைப் பாலிசி, அதன் மேல் ஒரு சூப்பர் டாப்-அப் என்பது சிக்கனமான வழி. சூப்பர் டாப்-அப் என்பது அந்த வருடத்தின் மொத்த பில்கள் 10 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய தொகையைத் தரும். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் வயது ஏற ஏற பிரீமியமும் ஏறும், அறுபதைத் தாண்டினால் நன்றாகவே ஏறும். செலவு நோட்டில் இன்றைய பிரீமியத்தை மட்டும் எழுதி வைக்காதீர்கள்.

எந்தெந்த ஆஸ்பத்திரியில் கேஷ்லெஸ் உண்டு என்ற பட்டியலை நெல்லைக்கு மட்டும் பார்த்தால் போதாது. பெரிய சிகிச்சைக்கு மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று போக வேண்டியிருக்கும். ஆம்புலன்ஸ், கூட இருப்பவர் தங்கும் செலவு, மாத மாத்திரை, பல், கண்ணாடி இவற்றைப் பெரும்பாலான பாலிசிகள் முழுதாகத் தருவதில்லை. இதற்கென்று இரண்டு பைக்கும் வெளியே 10 லட்சமாவது தனியாக வேண்டும்.

அரசு வழிகளையும் விடாதீர்கள். ஐகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயம், நரம்பு, சிறுநீரகம் போன்ற உயர் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. ஓ.பி.க்குக் காலையிலேயே போக வேண்டும் என்பதுதான் சிரமம். கண்ணுக்கு ஜங்ஷன் பக்கத்து அரவிந்த் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். வட்டியும் வருமானம்தான் என்பதால் ஓய்வு பெற்ற உங்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. உங்கள் அப்பா அம்மாவுக்கு 70 ஆகிவிட்டதா? 2024 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய வய வந்தனா அட்டைக்கு வருமான வரம்பே இல்லை, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் ஆதாரோடு போய் விசாரியுங்கள்.

மில், கடை, சிறு நிறுவனங்களில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) கட்டியவர்களுக்குத் தெரியாத ஒன்று: குறைந்தது ஐந்து வருடம் காப்பீட்டில் இருந்து ஓய்வோ விருப்ப ஓய்வோ பெற்றால், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டித் தங்களுக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் சிகிச்சையைத் தொடரலாம்.

பெயரும் இனிஷியலும்

சிரிப்பு வரும், ஆனால் நம் ஊர்க்காரர்களின் பணம் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஆதாரில் "முத்துக்குமார் சு", பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக, பி.எஃப்.பில் "எஸ்.முத்துக்குமார்". பள்ளிச் சான்றிதழில் ஒரு பிறந்த தேதி, ஆதாரில் இன்னொன்று. இவை ஒத்துப்போகாவிட்டால் கிளெய்ம் திரும்பி வரும். திருத்தத்துக்குக் கம்பெனி ஒப்புதல் தேவைப்படலாம். வேலையில் இருக்கும்போது எச்.ஆர். மேஜைக்கு நடந்து போனால் முடியும் காரியம், விட்ட பிறகு மாதக்கணக்கில் இழுக்கும். பழைய கம்பெனிகளின் பி.எஃப். எல்லாம் ஒரே எண்ணில் சேர்ந்திருக்கிறதா, ஒவ்வொன்றிலும் வேலையை விட்ட தேதி ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். நாமினியாக இன்னும் அம்மா பெயரே இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு அதை மாற்றியவர்கள் குறைவு.

விடுவதற்கு முன் ஊரில் இருந்து பாருங்கள்

பொங்கலுக்கு வந்து நான்கு நாள் இருந்துவிட்டு ஊர் சொர்க்கம் என்று முடிவு செய்யாதீர்கள். சம்பளமில்லா விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ கேட்டுச் சித்திரையிலிருந்து ஆடி வரை இருந்து பாருங்கள். வெயில், கொடை, கல்யாணம் எல்லாம் அப்போதுதான் வரும். நோட்டில் எழுதிய தொகைக்குள் நிற்கிறதா என்று தெரிந்துவிடும். சென்னை வீட்டை அதற்குள் விற்க வேண்டாம், வாடகைக்கு விடலாம்.

பணம் சாராத ஒன்றும் அப்போது தெரியவரும். காலையில் டீக்கடையில் நின்றால், "என்ன அண்ணாச்சி, லீவுக்கு வந்தியளா?" என்று கேட்பார்கள். இரண்டாவது மாதத்தில், "இன்னும் போகலியா?" என்பார்கள். வேலையை விட்டுவிட்டேன் என்று ஐம்பது வயதில் சொல்ல, பலருக்குப் பணத்தைவிட இது கஷ்டமாக இருக்கிறது. சின்னதாக ஒரு தொழிலோ பகுதி நேர வேலையோ வைத்துக்கொண்டு மாதம் 15,000 சம்பாதித்தாலும் கேள்விக்குப் பதில் ஆயிற்று, 48 லட்சப் பையிலிருந்து எடுப்பதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்.

ராஜினாமா தேதியை முடிவு செய்யும்போது கிராஜுவிட்டியை (பணிக்கொடை) பாருங்கள்: கடைசி அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 26இல் 15 பங்கு, பெருக்கல் சேவை ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட கடைசிப் பகுதி முழு ஆண்டாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதால் சில வாரம் பொறுத்தால் ஒரு வருடம் கூடுதலாகக் கிடைக்கலாம்.

வேலையை விட்டுச் சில மாதம் சம்பளம் வராவிட்டால் சம்பளக் கணக்கு சாதாரண சேமிப்புக் கணக்காக மாறும், பல வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பு கேட்பார்கள். மருத்துவ பாலிசியின் பிரீமியம் அந்தக் கணக்கிலிருந்து தானாகப் போகிறதா என்று பார்த்து, ஊர் வங்கிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஆண்டுத் தவணை தவறினால் 30 நாள் அவகாசம்தான். அதையும் விட்டால் காத்திருந்த மூன்று வருடமும் மறுபடி முதலிலிருந்து.